ஒற்றைத் தும்மல்

பொன்னாயிக்கு அன்று காலை ஒரே ஒரு வேலைதான். வாசலில் நிற்கும் காரைக் கிளம்பவிடக் கூடாது. அதே சமயம் அந்தக் காரில் போகிறவர் விமானத்தைத் தவறவிடவும் கூடாது.

போகிறவர் மார்த்தா. நார்வேயிலிருந்து மிஷன் குழுவோடு வந்து, வெண்ணந்தூர்க் கல்யாண மண்டபத்தில் பல் மருத்துவ முகாம் நடத்திய டாக்டர். ஊர் அவருக்கு வைத்த பெயர் பல்லம்மா. முகாமுக்குச் சமைத்துப் போட்டவள் பொன்னாயி. மற்றவர்கள் முந்தின நாளே போய்விட, பல்லம்மா மட்டும் பொன்னாயி வீட்டில் தங்கி, இந்த நாட்டிடம் சாவகாசமாக விடைபெற்றுக்கொண்டிருந்தார். பனமரத்துப்பட்டி ஏரிக்குப் போய் ஒரு கும்பிடு போட்டார். டீக்கடை பாய்லருக்குக் கையாட்டினார். பழகின எருமைக்கு நெற்றியில் முத்தம் கொடுத்தார். எருமை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பொன்னாயிக்கு மேல்வரிசையில் ஒரு பல்கூடக் கிடையாது. வயது ஐம்பதுகூட ஆகவில்லை. சிரிப்பு வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். பல்லம்மா அளவெடுத்துச் சேலத்தில் பல்செட்டுக்குச் சொல்லியிருந்தார். அவர்கள் இன்று நாளை என்று இழுத்தடித்ததில், "நான் போன பிறகுதான் வரும் அக்கா" என்று வருத்தப்பட்டுக்கொண்டே பெட்டியைக் கட்டினார். இன்று பார்த்து, பல் தயார் என்று போன் வந்தது. மகன் ஆனந்தகுமார் பைக்கை முறுக்கிக்கொண்டு சேலத்துக்குப் பறந்தான். ஆசை காட்டிவிட்டுப் பல் வந்து சேராவிட்டால் பாவம் என்று பொன்னாயி பல்லம்மாவிடம் மூச்சுவிடவில்லை. டிரைவர் வேல்முருகனிடம் மட்டும் கெஞ்சிப் பார்த்தாள்.

"ஏனுங் தம்பி, செத்த நேரம் இருங்களேன். நான் பல்லோட ஒருக்காச் சிரிச்சு அவிங்க பாத்துட்டாப் போதும்."

"பல்லு நமக்காக நிக்குமுங்க்கா, பிளேன் நிக்காது. கோயமுத்தூர் போய்ச் சேரோணும்."

இவனிடம் பேசிப் பயனில்லை என்று பொன்னாயி சகுனத்தின் காலில் விழுந்தாள். பல்லம்மா காரில் ஒரு காலை வைத்ததும் பின்னாலிருந்து, "ஹச்!"

பல்லம்மா காலை எடுத்துவிட்டார். சகுனம் தடுத்தால் உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது அவருக்கு இந்த ஒரு மாதத்தில் அத்துப்படி. ஊர்க்காரர்களுக்குக்கூட அத்தனை கறார் கிடையாது.

"இன்னொன்னு தும்மிருங்க்கா. ரெட்டைத் தும்மல்னா நல்லதுதானே!" என்றான் வேல்முருகன்.

"தும்மல் என்ன, நாம கூப்புட்டாவா வருது?" என்றாள் பொன்னாயி, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

அடுத்தது பூனை. எதிர்வீட்டுச் செல்லாயி சொல்லிவைத்தபடி அதை அவிழ்த்துவிட்டாள். அந்தச் சனியனோ குறுக்கே போகாமல் நடுத்தெருவில் உட்கார்ந்து காலை நக்கியது. உட்கார்ந்த பூனைக்கு என்ன பலன் என்று யாருக்கும் தெரியவில்லை. செல்லாயி கருவாட்டுத் துண்டை வீசின பிறகுதான் குறுக்கே ஓடியது. பல்லம்மா இரண்டாவது சொம்பையும் குடித்தார். மூன்றாவதாகச் செல்லாயியே எண்ணெய்த் தூக்கோடு எதிரே வந்து, அதுவும் போதாதென்று, "எங்கீங்க போறீங்க?" என்று வாய்விட்டுக் கேட்டாள். கிளம்புகிறவரைக் கேட்கக் கூடாத கேள்வி அது. மூன்றாவது சொம்பு முடிந்ததும் பல்லம்மா குளியலறைக்கு ஓடினார். இந்தத் தாமதம் பொன்னாயியின் திட்டத்திலேயே இல்லாதது.

"இனி யமனே எதுக்க வந்தாலும் வண்டி நிக்காதுங்க்கா!" வேல்முருகன் ஹாரனை அழுத்தினான்.  பொன்னாயியின் கைவசம் இருந்த சகுனமெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

அப்போதுதான் தெருமுனையில் பைக் சத்தம். ஆனந்தகுமார் நீட்டிய டப்பாவைப் பார்த்ததும் பல்லம்மாவுக்குச் சங்கதி மொத்தமும் விளங்கிவிட்டது. தும்மலை நினைத்தார், பூனையை நினைத்தார், இடுப்பில் கைவைத்துப் பொன்னாயியை முறைத்தார். பிறகு பல்செட்டைக் கழுவி, அவளை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து மாட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். கச்சிதம்.

"சிரிங்க அக்கா."

பொன்னாயியின் கை பழக்கத்தில் முந்தானைக்குப் போயிற்று. பல்லம்மா அதைப் பிடித்துக்கொண்டார். ஒளிய இடமில்லாமல் பொன்னாயி வாய் நிறையச் சிரித்தாள். தெருவே பார்த்தது. பல்லம்மா அழுதேவிட்டார். வேல்முருகனின் கை தன்பாட்டுக்கு ஹாரனிலிருந்து இறங்கியது.

"போயிட்டு வாங்க சாமி" என்றாள் பொன்னாயி. பல்லம்மா அவளைக் கட்டிப் பிடித்துவிட்டு, தெருவை ஒரு முறை கண்ணால் அளந்து, காரில் காலை வைத்தார்.

"ஹச்!"

தும்மியது பல்லம்மா. அதைவிடக் கேவலமான பொய்த் தும்மலை வெண்ணந்தூர் கேட்டதில்லை. வேல்முருகன் தலையில் கைவைத்தான். பல்லம்மா யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கி, தண்ணீர்ச் சொம்பைத் தேடி வீட்டை நோக்கி நடந்தார்.

விட்டுவிடலாமா என்று பொன்னாயிக்கு ஆசையாகத்தான் இருந்தது. இன்னொரு சொம்புத் தண்ணீர், இன்னும் கொஞ்சம் பேச்சு. ஆனால் வேல்முருகன் முகத்தைப் பார்த்தால் இனிமேல் நிஜமாகவே விமானம் போய்விடும் போலிருந்தது.

புதுப்பல்லை இரண்டு விரலால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஹச்!"

வாசப்படியில் பல்லம்மா நின்று திரும்பிப் பார்த்தார்.

"ரெட்டையாயிருச்சு சாமி" என்றாள் பொன்னாயி. "கெளம்புங்க."