வேண்டாம்னா வேண்டாம்தான்

நான் சலூன் வைத்திருக்கிறேன். முன்பின் தெரியாதவர்கள்கூட நாற்காலியில் சாய்ந்து, கழுத்தை என் கத்திக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் குறட்டை விடுவார்கள். என் சொந்த மகள் மட்டும் தலையைக் காட்ட மாட்டேன் என்றாள்.

அவளுக்கு ஏழு வயது. வீட்டில் வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவோம். நாம் எப்போதோ சொன்னதை எல்லாம் ஞாபகம் வைத்து, சரியான நேரத்தில் நம்மிடமே திருப்பி வீசுவாள்.

அன்று காலை ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது டீச்சர் போன் செய்தார். "உங்க பொண்ணு தலையில பேன் இருக்குங்க. கூட்டிட்டுப் போய் சுத்தமா எடுத்துட்டு அப்புறம் அனுப்புங்க."

சலூன்காரன் பிள்ளைக்கே பேன்! கையில் இருந்த வேலையை முடித்து, காத்திருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, ஷட்டரை இறக்கிவிட்டுப் போய் அழைத்து வந்தேன்.

வீட்டில் பேன் சீப்பை எடுத்ததும் அவள் சோபாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்? கடிக்கலையா?"

"கடிக்குது. ஆனா வேண்டாம். நான் வேண்டாம்னு சொன்னா யாரும் என்னைத் தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னேன்தான். என் சித்தப்பா வரும்போதெல்லாம் இவள் கன்னத்தைக் கிள்ளுவார், இவளுக்குப் பிடிக்காது. உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த முறை இவள் அவர் கையைத் தட்டிவிட, அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்பா, அம்மா, டாக்டர் எல்லாம் வேற கண்ணு. உன் நல்லதுக்குத்தானே தொடுறோம்?"

"நல்லதுக்குன்னு யார் வேணா சொல்லலாமே?"

கெட்டவனும் அப்படித்தான் சொல்வான் என்று சொல்லிக் கொடுத்த புண்ணியவானும் நான்தான்.

மருந்துக்கடையில் வேலை செய்யும் என் மனைவிக்குப் போன் போட்டேன். "பிடிச்சு உக்கார வெச்சு வாருங்க. பேனு கிட்டயும் அனுமதி கேட்பீங்க போல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

பொம்மைப் படம் போட்டேன். ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்றேன். எதற்கும் மசியவில்லை. கடைசியில் பொறுமை போய்விட்டது. "இப்ப வரலேன்னா மொட்டைதான்!" என்று கத்தி, கையைப் பிடித்து இழுத்து மடியில் உட்கார வைத்தேன். திமிறினாள், உதைத்தாள். திடீரென்று கட்டை மாதிரி ஆகிவிட்டாள்.

"சரிப்பா" என்றாள், குரலே இல்லாமல்.

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு 'சரி'யை நான் கேட்டதே இல்லை. இதையே வேறு எவனிடமாவது சொல்லிவிட்டால்? பிடியை விட்டேன். எரிச்சல் மட்டும் போகவில்லை. என் அப்பாவாக இருந்தால் முதுகில் ஒன்று வைத்து, அரைமணியில் வேலையை முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். எனக்குத்தான் எதைச் செய்தாலும் உறுத்துகிறது.

"ஏன் வேண்டாம்னாவது சொல்லேன்" என்றேன்.

அப்போதுதான் அழுதாள். பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்குப் பேன் என்று வீட்டில் மொட்டை அடித்துவிட்டார்களாம். வகுப்பே சிரித்ததாம். "நீங்க வேற மெஷினெல்லாம் வெச்சிருக்கீங்க."

அதையே சொல்லி மிரட்டியிருக்கிறேன், மடையன்.

"மெஷின் கடையில இருக்கு. மொட்டை அடிக்கவே மாட்டேன்."

"நான் நிறுத்துன்னா நிறுத்தணும்."

"நிறுத்துறேன்."

சீப்பை வைத்ததுமே "நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ம்" என்றாள். அதிலிருந்து ரெண்டு இழுப்புக்கு ஒரு நிறுத்து. நடுவில் தண்ணீர், நடுவில் பொம்மைப் படம். பல்லைக் கடித்துக்கொண்டு வாரினேன். மனைவி வரும்போது இடது பக்கம்தான் முடிந்திருந்தது.

மகளின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாதி எடுத்து என்ன பிரயோஜனம்? அந்தப் பக்கத்துப் பேன் இந்தப் பக்கம் வராதா?"

வரும். எனக்கும் தெரியும்.

மறுநாளும் ஷட்டர் இறங்கியே இருந்தது. இடது பக்கத்திலிருந்தே மறுபடி தொடங்கி, அன்றைக்கு முழுத் தலையையும் முடித்தோம். அடுத்த நாள் பள்ளிக்குப் போய்விட்டாள்.

நான் செய்தது சரியா, தெரியாது. செல்லம் கொடுக்கிறேன் என்கிறாள் மனைவி. இருக்கலாம். அடுத்த வாரம் மகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும். ஊசியைப் பாதியில் நிறுத்த முடியாது. அதை எப்படிச் சொல்லி அழைத்துப் போவது என்று எனக்கு இன்னும் ஒன்றும் தோன்றவில்லை.