கார்டினலுக்குப் பூசிய முகம்

"பிணத்தை மாப்பிள்ளை ஆக்கணும். உன்னால முடியுமா?"

கேட்டது அந்தப் பிணமேதான்.

கார்டினல் தெ வெர்னாக், பிரான்ஸ் மன்னரின் முதன்மை மந்திரி. அவர் தலையசைக்காமல் அந்த நாட்டில் ஒரு பீரங்கிகூட நகர்ந்ததில்லை. இப்போது வான்சேன் அரண்மனையில் கன்னம் ஒட்டி, உதடு நீலம் பாரித்து, தலையணைகளுக்கு நடுவே கிடந்தார்.

பெரின் அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். சந்தையில் நாடகம் போடும் கூட்டத்தில் வேஷம் கட்டிவிடுகிறவள் அவள்.

"எங்க முதலாளிக்கு எழுபது வயசு, பிரபு. வாரா வாரம் அவரைக் காதலன் ஆக்குறேன். முன்வரிசைக்காரங்களே ஏமாந்து போறாங்க."

"அவருக்குப் பல்லு இருக்கா?"

"இல்லை, பிரபு."

"அப்ப நான் ஒரு படி மேல."

பக்கத்தில் நின்ற செயலாளர் பெல்லுவா சிரிக்கவில்லை. நண்பகலில் மன்னர் நோய் விசாரிக்க வருகிறார். கார்டினல் பிழைக்கமாட்டார் என்று தெரிந்தால் எதிரிக் கூட்டம் இன்று மாலையே பதவிகளைப் பங்கு போட்டுவிடும். கார்டினலுக்கோ ஓர் ஆசை பாக்கி. அக்காள் மகனுக்குக் கடற்படைத் தலைமை. அதை மன்னர் வாயிலிருந்து வாங்க, அரை மணி நேரம் உயிருள்ளவராகத் தெரிந்தால் போதும்.

"உனக்கு என்ன வேணும்?"

"ஒரு கையெழுத்து, பிரபு. என் புருஷன் மத்தூரன் லா தூர்னெல் சிறையில இருக்கார். வரி கட்டாத உப்பை ஒரு மூட்டை தூக்கிட்டு வந்தார். கப்பல்ல துடுப்பு தள்ளணும்னு தீர்ப்பாயிடுச்சு. நாளைக்குக் காலையில சங்கிலி கிளம்புது."

கழுத்துக்குக் கழுத்து சங்கிலி பூட்டி, மார்செய் துறைமுகம் வரை நடத்தியே கொண்டுபோவார்கள். அங்கே போய்த் திரும்பியவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

"விடுதலை உத்தரவை எழுதி வை, பெல்லுவா," என்றார் கார்டினல். "முதல்ல முகம். இப்ப பேனா பிடிச்சா கோழி கிளறின மாதிரி இருக்கும்."

பெரின் வேலையில் இறங்கினாள். கன்னத்துக்குள் கம்பளிப் பஞ்சு உருண்டைகள். மேலே வெள்ளைப் பசை, கொழுப்பில் குழைத்த சிவப்பு. புருவத்துக்குக் கருக்கிய தக்கை. வெளிச்சம் முதுகில் விழும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவரை உட்காரவைத்தாள். கடைசியில் கண்ணாடியை நீட்டினாள்.

கார்டினல் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முதுகு தானாக நிமிர்ந்தது.

மன்னர் வந்தார். தடுப்புக்குப் பின்னால் பெரின் ஒளிந்து நின்றாள்.

"நாங்க பயந்தே போயிட்டோம், கார்டினல். பார்த்தா எங்களைவிட நீங்க நல்லா இருக்கீங்க."

கார்டினல் அக்காள் மகனின் பதவிப் பேச்சை எடுத்தார்.

"அதுக்கென்ன அவசரம்?" மன்னரின் குரலில் உண்மையான மகிழ்ச்சி. "உடம்புதான் தேறிடுச்சே. வசந்தம் வரட்டும், உட்கார்ந்து பேசுவோம்."

தன் கைவேலை எங்கே போய் இடித்திருக்கிறது என்று பெரினுக்குப் புரிந்துவிட்டது.

கார்டினலுக்குப் புரியவில்லை. மன்னர் போனதும் பஞ்சைத் துப்பிவிட்டு வறுத்த கவுதாரி கேட்டார். இரண்டு வாய் சாப்பிட்டார்.

"வசந்தம்னு சொன்னார், கேட்டியா பெல்லுவா?"

பெரின் காகிதத்தை நீட்டினாள். "பிரபு, கையெழுத்து."

அவர் வாசித்தார். "ஒருத்தனை மட்டும் விட்டா உப்பு வரிக் குத்தகைக்காரங்க கத்துவாங்க. முறையா செய்வோம். உப்பு வழக்கு அத்தனையும் வரவழைக்கிறேன். பாதிப் பேரை விட்டுடலாம்."

"சங்கிலி நாளைக்குக் கிளம்பிடும், பிரபு."

"மார்செய் ஒரு மாச நடை, பொண்ணே. என் குதிரைக்காரன் ரெண்டு நாள்ல எட்டிப் பிடிச்சிடுவான். நாளைக்குப் போடுறேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

பெரின் துணியைத் தண்ணீரில் நனைத்தாள். யாரும் தடுப்பதற்குள் அவருடைய இடது கன்னத்தை அழுத்தித் துடைத்துவிட்டாள். பெல்லுவா பாய்ந்து வந்து கையைப் பிடித்தார். மறு கையில் அவள் கண்ணாடியை உயர்த்தினாள்.

"மன்னிச்சுக்குங்க, பிரபு. உங்களுக்கு வசந்தம் கிடையாது. இதுதான் நீங்க. இப்பவே போட்டுடுங்க."

ஒரு பக்கம் மாப்பிள்ளை, மறுபக்கம் மண்டையோடு. கார்டினல் பேனாவை எடுத்தார். மையில் தோய்த்தார். காகிதத்துக்கு மேலே கை நின்றது. பார்வை மறுபடி கண்ணாடிக்குப் போனது. கண் நிறைந்தது.

"போடு," என்றார்.

"பிரபு?"

"அந்தக் கன்னத்தைத் திரும்பப் போடு. இந்த முகத்தோட நான் எதுவும் செய்யமாட்டேன்."

நாடாண்டவரின் குரல் அல்ல அது. இருட்டில் தனியாக விடப்பட்ட பிள்ளையின் குரல்.

அவள் பூசினாள். முடிந்ததும் அவர் கண்ணாடியைப் பார்த்தார், மூச்சு சீரானது. பேனாவைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு."

பெல்லுவா அவள் தோளைத் தொட்டு வெளியே கூட்டிப் போனார். "காலையில முதல் வேலையா நீட்டுறேன்மா," என்றார். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

விடியும்போது லா தூர்னெல் கதவு திறந்தது. ஆற்றங்கரையோரமாகச் சங்கிலி நகர்ந்தது. பெரின் கூடவே நடந்தாள். காவலர்கள் முதல் பாலம் வரை பெண்டாட்டிகளை விரட்டுவதில்லை.

"போட்டாரா?" மத்தூரனின் முதல் கேள்வி.

வழியெல்லாம் உண்மையைச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்திருந்தாள். கழுத்து வளையத்தைப் பார்த்ததும் அது வாயைவிட்டு வரவில்லை.

"போட்டாச்சு. முத்திரை மட்டும்தான் பாக்கி. குதிரைக்காரன் ரெண்டு நாள்ல வந்துடுவான்."

மத்தூரன் அடுத்த கழுத்துக்காரனை இடித்தான். "கேட்டியா? நாளன்னிக்கு நான் வீட்டுல சூப் குடிக்கிறேன்."

"குடிடா, மகராசா. உன் பங்குச் சங்கிலியையும் நான்தானே இழுக்கணும்."

"இவளைக் கட்டியிருந்தா உனக்கும் கார்டினல் கையெழுத்துப் போட்டிருப்பார்."

ஷாரந்தோன் பாலத்தை நெருங்கும்போது வான்சேன் அரண்மனைப் பக்கமிருந்து சாவு மணி ஒலிக்கத் தொடங்கியது. ஒன்று. நீண்ட இடைவெளி. மறுபடி ஒன்று. காவல் தலைவன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். சங்கிலி நின்றது.

"யாருக்குடி அடிக்குது?" என்றான் மத்தூரன்.

"யாரோ பெரிய வீடு போல. கழுத்தைக் காட்டுங்க, தோல் உரிஞ்சிருக்கு."

மேலங்கியின் ஓரத்தைக் கிழித்தாள். இரும்புக்கும் தோலுக்கும் நடுவே துணியை நுழைத்து, மடித்து, இறுக்காமல் முடிந்தாள். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடி முடிந்தாள்.

"போதும்மா, விலகு," என்றான் காவலன்.

சங்கிலி இழுபட்டது. அவள் கை கடைசியாகத்தான் விலகியது.