மடுவத்துப் பாதை

நாகலெட்சுமியின் தலைக்குள் முதல் சிறு இரத்தக் குழாய் அடைபட்ட அன்று, மூன்றாம் நம்பர் மலையில் ஒரு குறுக்குப் பாதை மூடிக்கொண்டது. இருபக்கத் தேயிலையும் கை கோத்து நின்றது. வெளிவேலை பார்க்கும் கண்டாக்கு ஜெயகாந்தன் ஆள் விட்டு வெட்டினார். விடிந்தபோது மறுபடி மூடியிருந்தது. அவளுக்கு அப்போது நாற்பது வயதுகூட இல்லை. தலைவலிகூட இல்லை.

பிரஷர் இருப்பதாக டிக்கோயா ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். போட்டால் அடிக்கடி சிறுநீர் வரும். மலையில் கக்கூஸ் கிடையாது. அதனால் வேலை நாளில் அதைத் தொடாமல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட்டாள். மற்றக் கொழுந்துக்காரிகளும் அப்படித்தான். மகள் சர்மிளா சண்டை போட்டாள். "போட்டுட்டு எங்க புள்ள ஒதுங்குறது? அட்டையும் கண்டாக்கும் இல்லாத எடமாப் பாத்துச் சொல்லு, தெனமும் போடுறேன்" என்றாள் தாய். அப்படி ஓர் இடம் சர்மிளாவுக்குத் தெரியவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தை நடத்தும் துரைமாருக்கும் தெரியவில்லை.

வருஷங்கள் போயின. கோயில் பாதை மூடியது; அவள் சாமி பெயரை மறந்தாள். ஓடைப் பாதை மூடியது. உலை வைத்ததை மறந்து பானையைக் கருக்கினாள். சனங்கள் ரோட்டைச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்கள். தலையைப் படம் எடுத்துப் பார்த்த டொக்டர், மூளையின் சின்னக் குழாய்கள் இளவயதிலிருந்தே சுருங்கி வந்திருக்கின்றன என்றார். படத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்த இடங்களைச் சர்மிளா உடனே அடையாளம் கண்டுகொண்டாள். "இது கோயில் பாதைங்க சார், இது ஓடை." டொக்டர் மறுக்கவில்லை. போனது வராது, மாத்திரையை விடாமல் போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார்.

மிச்சம் இரண்டே பாதைகள்: அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்கு ஒன்று, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு ஒன்று. லயத்துப் பாதையைச் சர்மிளா தினமும் கத்தியால் வெட்டினாள். மாத்திரையைத் தன் கையாலேயே ஊட்டினாள். மலையில் ஒரு கக்கூஸ் கேட்டபோது, "மேல சொல்லியிருக்கேன்மா" என்றார் ஜெயகாந்தன். மூடிய பாதைகளில் கொழுந்து நன்றாக வந்ததால் தோட்டத்துக்கு அவசரமில்லை. நாகலெட்சுமியோ மாத்திரையை நாக்கடியில் வைத்திருந்து, வாசல் தாண்டியதும் துப்பினாள். எல்லாவற்றையும் மறந்தவளுக்கு அது மட்டும் மறக்கவில்லை.

பொங்கல் கழிந்த ஒரு காலையில் லயத்துப் பாதையும் மூடிக்கொண்டது. கத்தி இறங்கவில்லை. சர்மிளா செடிகளுக்கு முன் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மாலையில் ரோட்டைச் சுற்றி மடுவத்துக்குப் போனாள். கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்த தாய், "நீங்க எந்த லயத்துப் புள்ள?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

இப்போது சர்மிளா தினமும் போய்க் கையைப் பிடித்து அழைத்து வருகிறாள். யார் வீட்டுக்கோ விருந்துக்கு வருவதுபோல் நாகலெட்சுமி கூச்சத்தோடு வந்து சாப்பிடுகிறாள். மடுவத்துப் பாதையை மட்டும் இதுவரை யாரும் வெட்ட வேண்டியிருக்கவில்லை.