சனிக்கிழமை பிறந்தவள்

படிவத்தை என் கையால்தான் எழுதினேன். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு எதிர் வரிசையில், கற்பூரமும் பஞ்சாங்கமும் விற்கிற நெல்லையப்பன் கடையில், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, என் சொந்தப் பேனாவால் எழுதினேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் டெலிவிஷன் பெட்டி மாதிரி ஒன்றின் முன்னால் சத்தியதாஸ் உட்கார்ந்திருந்தான். பாறசாலைப் பக்கத்துப் பையன், கணக்கில் பி.எஸ்ஸி. மேலே பலகையில் ‘கம்ப்யூட்டர் ஜாதகம், பத்து நிமிஷத்தில்’ என்று மூன்று பாஷையில் எழுதியிருந்தது. அந்த யந்திரத்தைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எண்பத்தாறாம் வருஷம். டில்லியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இருபத்தோராம் நூற்றாண்டு வந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று இருந்த காலம். எங்கள் ஆபீசுக்கும் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று பேச்சு. வாசலில் வாரம் ஒரு தர்ணா. நான் செக்‌ஷன் சூப்பரண்ட், கோஷம் போடுகிற வயசு தாண்டிவிட்டது. அதற்குப் பதிலாகப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுவேன். மனுஷன் தப்புப் பண்ணினால் கூப்பிட்டுக் கேட்கலாம், மிஷின் தப்புப் பண்ணினால் யாரைக் கேட்பது? இதுதான் என் கட்சி. இதையே நாலு விதமாக எழுதி, இரண்டு பிரசுரமும் ஆகியிருந்தது. கரமனையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைப் படித்தார்கள். மீதிப் பேரை நான் படிக்க வைத்தேன்.

அப்படிப்பட்டவன் அந்தக் கடைக்குப் போனது என் அக்கா வாலாம்பாளின் பெண் பகவதிக்காக. அத்திம்பேர் போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. பகவதிக்கு இருபத்திரண்டு வயசு. பம்பாயில் பாங்கில் இருக்கும் பையன், நல்ல இடம், தரகர் பட்டாபி கொண்டுவந்தது. பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்துவிட்டது. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டார்கள். கையால் எழுதின ஜாதகத்தில் கை விளையாடும், மிஷின் பொய் சொல்லாது, அதனால் கம்ப்யூட்டர் ஜாதகம் ஒன்று எடுத்து அனுப்புங்கள் என்றார் பையனின் அப்பா. பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

பழைய ஜாதகத்தில் மலையாளக் கணக்குப்படி கொல்லவருஷம் ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது, கர்க்கடகம் இருபத்துநாலு, சனிக்கிழமை, உதயத்திலிருந்து ஐம்பத்துநாலு நாழிகை என்று இருந்தது. படிவத்தில் இங்கிலீஷ் தேதியும் மணியும் கேட்டிருந்தான். கர்க்கடகம் இருபத்துநாலு என்றால் ஆகஸ்ட் எட்டு. நாழிகைக்கு இருபத்துநாலு நிமிஷம், ஐம்பத்துநாலு நாழிகை என்றால் விடியற்காலை நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால். மனக்கணக்காகவே போட்டு எழுதி நீட்டினேன். இதற்கெல்லாம் மிஷின் எதற்கு என்று ஒரு வார்த்தையும் கூடச் சேர்த்துக் கொடுத்தேன். சத்தியதாஸ் சிரித்தபடி வாங்கிக்கொண்டான்.

காகிதம் இரண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக, முழுக்க இங்கிலீஷில் வந்தது. சனிக்கிழமை என்று போட்டிருந்தது. நட்சத்திரம் ஆயில்யம் என்றும் போட்டிருந்தது.

பகவதிக்கு மகம். பிறந்ததிலிருந்து மகத்தன்றுதான் அவள் பேரில் அர்ச்சனை. மகம் பிறந்த பெண் என்று மலையாளத்துக்காரர்கள்கூட அவளைக் கொண்டாடுவார்கள். ஆயில்யமோ மாமியாருக்கு ஆகாது என்று ஊரே சொல்லும். பையனின் அம்மா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். மிஷினின் லட்சணத்தை அவர்களே பார்க்கட்டும் என்று காகிதத்தை அப்படியே அனுப்பிவைத்தேன். மறுவாரம் பட்டாபி வந்து கூடத்தில் உட்கார்ந்து, காப்பியைத் தொடாமல் பேசினார்.

“அவா நேரா சொல்லலை, நாகேஸ்வரன். ஆனா நீங்க நட்சத்திரத்தை மாத்தி எழுதி வச்சிருக்கேள்னு அவாளுக்கு ஒரு தோணல். மிஷின் சனிக்கிழமைன்னு சரியாச் சொல்லித்தே, நட்சத்திரத்தை மட்டும் ஏன் தப்பாச் சொல்லும்னு கேக்கறா.”

பகவதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜாதகத்தை மாற்றின குடும்பம் என்று பேராகிவிட்டால் அப்புறம் எங்கள் வீட்டுப் படியை யார் ஏறுவார்கள்? எனக்குக் கோபம் தலைக்கு மேலே ஏறியது. பட்டாபியையும் இழுத்துக்கொண்டு நேரே பழவங்காடிக்குப் பஸ் ஏறினேன்.

அன்றைக்குச் சதுர்த்தி. கோயில் கூட்டம் கடைவரை நின்றது. அவர்கள் எல்லாரும் கேட்கும்படி கத்தினேன். சத்தியதாஸ் எழுந்து நின்றான்.

“சாரே, நீங்க எழுதித் தந்த தேதியத்தான் நான் அடிச்சேன். தேதி ஒருவேள...”

“என் அக்கா பொண்ணு பொறந்த தேதி எனக்குத் தெரியாதா? நீ எனக்குச் சொல்லித் தரயா?”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவன் கழுத்தில் கிடந்த சிலுவை கண்ணில் பட்டது. வேதக்காரனுக்கு மகம் தெரியுமா, ஆயில்யம் தெரியுமா, உன்னைக் கொண்டு பிள்ளையார் வாசலில் உட்கார்த்தினானே அவனைச் சொல்லணும் என்றேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவன் சட்டைக்குள் அந்தச் சிலுவையைத் தள்ளிவிட்டுக்கொண்டான். நான் அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டும் மேலே பேசினேன்.

நெல்லையப்பன் கல்லாவிலிருந்து ஓடிவந்து கும்பிட்டார். “சாமி, கோவப்படாதிய. கணக்கெல்லாம் இந்தப் பயதான் எழுதி மிஷினுக்குள்ள போட்டிருக்கான். மாசக் கடைசிக்குள்ள தப்பக் கண்டுபிடிக்கச் சொல்லுதேன். முடியலன்னா அவனையும் ஊருக்கு அனுப்பிருதேன், மிஷினையும் வித்துருதேன்.”

பிறகு எல்லாம் என் பக்கமாகவே நடந்தது. கோட்டைக்குள் ஒரு ஜோசியரிடம் பழைய ஜாதகத்தைக் காட்டினோம். அவர் அந்தக் கொல்லவருஷத்துப் பஞ்சாங்கத்தைத் தட்டி எடுத்து, கர்க்கடகம் இருபத்துநாலு, சனிக்கிழமை, ஐம்பத்துநாலு நாழிகைக்கு மகம்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் பையனின் அப்பாவே கரமனைக்கு வந்து, மன்னிச்சுக்கணும் சார், மிஷினைப் போய் நம்பினோமே என்றார். நிச்சயதார்த்தம் முடிந்தது. நான் பத்திரிகைக்கு எழுதின ஐந்தாவது கடிதம் கட்டம் கட்டி வந்தது. ‘ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுக்க இருந்த யந்திரம்’ என்று தலைப்பு. ஆபீஸ் தர்ணாவில் அதை மலையாளத்தில் மொழிபெயர்த்து மைக்கில் படித்தார்கள். கைதட்டல் ஓய இரண்டு நிமிஷம் ஆயிற்று. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பொய் சொல்வானேன்.

கடையில் நான் கத்திவிட்டு வந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் அக்கா கல்யாணத்துக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பகவதி பிறந்த கதை வந்தது.

“வலி எடுத்தது சனிக்கிழமை அஸ்தமிச்சப்பறமாக்கும். பொறக்கறச்சே ஞாயித்துக்கெழமை வெடியறதுக்கு நேரமாயிடுத்து. ஞாயித்துக்கெழமையானதுனால அத்திம்பேருக்கு ஆபீஸ் இல்லை, ஆத்துலயே இருந்தார். இல்லேன்னா நான் ஒத்தைக்கு என்ன பண்ணியிருப்பேன், கேட்டியோ.”

“சனிக்கிழமைன்னுதானே ஜாதகத்துல இருக்கு” என்றேன்.

“ஜாதகத்துக்குச் சனிக்கிழமை. விடிஞ்சாத்தானேடா நமக்கு மறுநாள்.” சொல்லிவிட்டுக் கல் பொறுக்கினாள்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நம் வீட்டு நாள் சூரியன் உதித்தால்தான் மாறும். இங்கிலீஷ்காரன் நாள் நடு ராத்திரியிலேயே மாறிவிடும். ஜாதகத்தில் சனிக்கிழமை கடைசி நாழிகைகளில் பிறந்தவள், இங்கிலீஷ் தேதிக்கு ஞாயிறு, ஆகஸ்ட் ஒன்பது. நான் எட்டு என்று எழுதினேன். அவள் பிறப்பதற்கு முழுசாக ஒரு நாள் முன்னால் வானத்தில் என்ன இருந்ததோ அதைத்தான் அந்த யந்திரம் சொல்லியிருக்கிறது. அன்றைக்கு ஆயில்யம்தான். அதில் அணுவளவும் தப்பில்லை. சனிக்கிழமை என்று அச்சானதைப் பார்த்து, தேதி சரி என்று நானும் நம்பி, ஊரையும் நம்ப வைத்தேன். இத்தனை வருஷம் நாழிகையும் வினாழிகையும் பேசின வாய்.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். கல்யாணத்துக்கு ஒரு குந்தகமும் வராது. மகம் மகம்தான். நஷ்டம் எனக்கு மட்டும்தான், அதுவும் கொஞ்சம் மானம். அந்தக் கொஞ்சத்தைக் காப்பாற்ற நாலு நாள் பஸ்ஸில் பழவங்காடி வரும்போதெல்லாம் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். தெருவில் யாராவது கடிதத்தைப் பாராட்டினால் முதுகு கூசியது. ஆனாலும் பாராட்டு முடிகிறவரை நின்று கேட்டேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் தூக்கிவாரிப்போடுகிறது.

ஐந்தாம் நாள் பட்டாபி சொல்லிவிட்டுப் போனார். நெல்லையப்பன் என்னை ஒரு தடவை வந்து பார்க்கச் சொன்னாராம். மாசக் கடைசிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. பையனை அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஆபீசுக்கு அரை நாள் லீவ் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசில் சொல்லிப் பார்த்தேன். தப்பு என் மேலேதானப்பா. தேதியை நான்தான் தப்பா எழுதினேன். இவ்வளவுதான். ஏழெட்டு வார்த்தை.

கடையில் கூட்டமில்லை. ஒரே ஒரு பெண்பிள்ளை, சாயம் போன சேலையில், கண்ணாடித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தியதாஸ் என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். முகம் வற்றிப்போயிருந்தது, கண் மட்டும் பளபளத்தது. அன்றைக்கு நான் சொன்னதெல்லாம் நடக்கவே நடக்காதது போல ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

“கிட்டியாச்சு சாரே. தப்பு கிட்டியாச்சு.”

“என்ன தப்பு?”

“மூணு வாரமா ஒவ்வொரு வரியா பாத்தேன். கணக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா நீங்க சொன்ன மகம் வரணும்லா. நீங்க தப்பாச் சொல்ல மாட்டீங்க. அப்பறம்தான் பாத்தேன், சூரியன் உதிக்கதுக்கு முந்திப் பொறந்தவங்களுக்குச் சந்திரன் ஒரு நாள் பின்னால நிக்குது. எதுக்குன்னு மனசிலாகல்ல. நான் ஒரு நாள் கூட்டிப் போட்டேன். இப்ப பாருங்க, உங்க பிள்ளைக்கு மகம்னு கிறுத்தியமா வருது.”

ஒரு காகிதத்தை நீட்டினான். மகம் என்றுதான் இருந்தது. எட்டாம் தேதியைக் கொடுத்து மகத்தை வரவழைத்திருந்தான்.

கல்லாவிலிருந்து நெல்லையப்பன் உரக்கச் சொன்னார். “பய கெட்டிக்காரன் சாமி. நான்தான் வெரட்டப் பாத்தேன். வீட்ல ரெண்டு தங்கச்சி இருக்கு, இவன் சம்பளம்தான். போன வெள்ளில இருந்து ஏழெட்டு ஜாதகம் அடிச்சுக் குடுத்துட்டான்.”

“சார் அண்ணைக்கு வந்து சொல்லலன்னா,” என்றான் சத்தியதாஸ், “எத்தன பேருக்குத் தப்பா அடிச்சுக் குடுத்திருப்பேன். ரெம்ப உபகாரம் சாரே.” இரண்டு கையையும் சேர்த்தான்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். சரியாக இருந்த ஒன்றை என் பேச்சை நம்பி உடைத்திருக்கிறான். இப்போது தப்பு என்று சொன்னால் இவன் மூன்று வார உழைப்பு என்னாவது, ஏழெட்டுப் பேருக்குக் கொடுத்த காகிதம் என்னாவது, நெல்லையப்பன் இவனை வைத்துக்கொள்வாரா? இப்படியெல்லாம் அவனுக்காகக் கவலைப்படுகிற மாதிரி எனக்கு நானே நடித்துப் பார்த்தேன். அதுவும் எனக்கே தெரிந்தது.

“ஒரு நிமிஷம் சாரே, ஆவுடைத்தாயக்காவுக்கு அடிச்சுக் குடுத்திருதேன்” என்று அவன் மிஷின் பக்கம் திரும்பினான்.

அவள் மடியிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றை எடுத்தாள். மடித்து மடித்து நாலாகக் கிழிந்திருந்தது. “எம் பொண்ணு பொறந்த சீட்டு. மாப்ள வீட்ல கேக்காவ. ராவு மூணு மணி கழிஞ்சு பொறந்ததா இதுல போட்டிருக்காம்” என்றாள். சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கிறவள். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. சீட்டில் இருந்த இங்கிலீஷ் தேதியை அவன் அப்படியே தட்டினான். ஆஸ்பத்திரிக்காரன் எழுதின தேதி. சரியான தேதி.

“சத்தியதாஸ்” என்றேன்.

பிரிண்டர் கரகரவென்று ஓட ஆரம்பித்துவிட்டது. அவன் காதில் விழவில்லை. காகிதம் வரி வரியாக மேலே ஏறி வந்தது. ஓரத்தைக் கிழித்து, பிள்ளையார் படத்துக்குக் கீழே ஒரு தடவை வைத்து எடுத்து, அவளிடம் கொடுத்தான். வைத்து எடுக்க அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு என் நெற்றியையும் பூணூல் தெரிகிற மெல்லிய சட்டையையும் பார்த்துவிட்டு, ஸ்டூல் பக்கம் வந்தாள்.

“சாமி, படிச்சவுக. எம் பிள்ளைக்கு என்ன நட்சத்திரம்னு உங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க.”

காகிதம் என் கைக்கு வந்துவிட்டது. மூலம் என்று இருந்தது. பெண்ணுக்கு மூலம் என்றால் எந்த மாப்பிள்ளை வீட்டில் அடுத்த வார்த்தை பேசுவார்கள்? அது அவள் பெண்ணின் நட்சத்திரமே இல்லை. மறுநாள் பிறந்த எவளுடையதோ.

சத்தியதாஸ் தடுப்புக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ஆவுடைத்தாய் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என் உதட்டையே பார்த்தபடி நின்றாள்.