எட்டாவது மதிப்பீட்டாளர்

அக்காவின் அடையாள அட்டையைத் தேடி மூன்றாவது இழுப்பறையையும் தரையில் கவிழ்த்தான் தம்பி. மருத்துவர் சான்றிதழ் எழுத அது வேண்டுமாம்.

"கெடச்சுதாங்க?" கூடத்திலிருந்து மனைவி கேட்டாள். அங்கேதான் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். காலையில் குளியலறையில் விழுந்தவள், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

தத்துவத்தையும் இலக்கியத்தையும் சேர்த்துப் பேசும் ஆய்விதழ் ஒன்றை இருபத்திரண்டு வருடமாக இந்த அறையிலிருந்துதான் நடத்தினாள். கறார் என்றால் அப்படியொரு கறார். வருகிற கட்டுரையில் பெயரை எடுத்துவிட்டு, மதிப்பிட்டு எழுதச் சொல்லி இரண்டு பேருக்கு அனுப்புவாள். ஒருவராவது போடலாம் என்றால்தான் போடுவாள்; இருவரும் வேண்டாமென்றால் வேண்டாம்தான். மந்திரியே எழுதினாலும் மூன்று மாதத்தில் திரும்பிப் போய்விடும்.

அவன் கட்டுரைக்கு மட்டும் பதினான்கு மாதமாகப் பதில் இல்லை. கதையில் வருகிறவர்களுக்காக நாம் ஏன் அழுகிறோம் என்பது பற்றியது. கல்லூரியில் அவனுடைய பதவி உயர்வு அதை நம்பித்தான் இருந்தது. போன மாதம் போனில் கத்தினான்.

"நான் மேல வந்துடுவேன்னு பொறாமை உனக்கு. வேணும்னே அமுக்கி வெச்சிருக்க."

"இன்னும் கொஞ்சம் பொறுடா" என்றாள். பட்டென்று வைத்துவிட்டான். அதற்கப்புறம் பேசவில்லை.

நான்காவது இழுப்பறையில் அவன் கட்டுரை இருந்தது. இரண்டு மதிப்பீடுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு. ஏழும் வேண்டாம் என்றன. ஐந்தாவது ஆள், 'இவர் ஒரு கதையாவது ஆசையாகப் படித்திருப்பாரா?' என்று கேட்டிருந்தார். பக்கத்தில் அக்கா பென்சிலால் எழுதியிருந்தாள்: 'படித்திருக்கிறான்.'

எட்டாவதாக ஒருவருக்கு எழுதிய கடிதத்தின் நகலும் இருந்தது. 'தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். ஒரு நல்ல இடமாவது கண்ணில் படாதா?' அக்கா யாரிடமும் கெஞ்சி அவன் பார்த்ததில்லை.

மேசைமேல் அவளுடைய கைபேசி அடித்தது. எடுத்தான்.

"மேடம் இருக்காங்களா? கதையில வர்றவங்களுக்காக அழறதப் பத்தி ஒரு கட்டுரை அனுப்பியிருந்தாங்க. படிச்சுட்டேன்."

"அக்கா இன்னிக்குக் காலைல தவறிட்டாங்க."

"அடக் கடவுளே... தப்பா நெனைக்காதீங்க. அந்தக் கட்டுரை தேறாது. ஆனா மேடம் என்கிட்ட இப்படிக் கேட்டதே இல்ல. அவங்களுக்காக, போடலாம்னு எழுதிடட்டுமா? ஒருவேளை வேண்டியவங்க யாராவது எழுதினதோ என்னவோ."

ஒரு 'சரி' போதும். பதவி உயர்வு கைக்கு வந்துவிடும்.

"அக்காவுக்கு அந்தப் பழக்கமே கெடையாதுங்க," என்றான். "உங்களுக்கு என்ன தோணுச்சோ, அதையே எழுதுங்க."

"அப்ப வேண்டாம்னே எழுதிடறேன்." அவர் குரலில் நிம்மதி தெரிந்தது. "இந்த மதிப்பீட்ட இனிமே யாருக்கு அனுப்பறது?"

கதவு எண்ணிலிருந்து ஆரம்பித்துத் தன் வீட்டு முகவரியைச் சொன்னான். அவர் ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொல்லியபடி எழுதிக்கொண்டார்.