இருசப்பன் படித்த பூக்கள்

நான் ஒரு உதவி செய்யப் போனேன், இருசப்பனின் பிழைப்பு போயிற்று. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

1990ஆம் வருஷத்துப் பங்குனி மாதம். தபால் துறையில் அவனுக்கு வேலை உத்தரவு வந்திருந்தது. பழங்குடியினருக்கான இடம். முப்பது நாளுக்குள் சாதிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேரும்போது வாங்கிய பழைய சான்றிதழ் அவன் பெட்டியில் பத்திரமாக இருந்தது. அது இனிச் செல்லாது, பெரிய அதிகாரி ஒருவர் நேரில் விசாரித்துப் புதிதாகத் தர வேண்டும் என்று சட்டத்தை மாற்றிவிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை வெள்ளிமலையில் விசாரணை.

போன விசாரணைக்குப் போய் வந்த, இருசப்பனின் மலையைச் சேர்ந்த சின்னதுரை ஒரு சேதி சொன்னான். அதிகாரி ஏதோ ஒரு பூங்கொத்தை மேஜையில் வைத்து, இது என்ன என்று கேட்டாராம். சின்னதுரை சேலத்தில் ஓட்டல் வேலை செய்து வளர்ந்தவன், முழித்திருக்கிறான். மலையில் பிறந்தவனுக்கு மலைப்பூ தெரியாதா என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

இருசப்பன் அதைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அவனுக்கும் ஒரு பூகூடத் தெரியாது. கல்வராயன் மலையில்தான் பிறந்தான். ஐந்து வயதில் அம்மா செத்துப்போக, கரும்பு வெட்டக் கீழே இறங்கிய அப்பா அவனைச் சங்கராபுரத்தில் விடுதியில் சேர்த்துவிட்டார். பிறகு அப்பாவும் போய்விட்டார். பொங்கலுக்கு மட்டும் அத்தை பெரியம்மாள் வீட்டுக்குப் போய் வருவான். தை மாதத்தில் காட்டில் என்ன பூத்துக் கிடக்கப் போகிறது?

நான் அவனோடு ஒரே கல்லூரியில் படித்தவன், தாவரவியல். ரிஷிவந்தியம் பக்கத்தில் எங்களுக்கு நிலம் உண்டு. நூற்று இருபது செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டி முதல் மதிப்பெண் வாங்கிய திமிரும் உண்டு.

"நான் சொல்லித் தரேன்டா," என்றேன். "சனி, ஞாயிறு ரெண்டு நாளு போதும். காட்டுக்குள்ள நடந்தே போலாம்."

"நீ இன்னாத்துக்குடா எனக்காக அலையிற?"

இன்னாத்துக்கா? எண்பத்தேழில் இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதி ஆட்கள் சாலை மறியல் செய்தபோது நானும் போய் ரோட்டில் உட்கார்ந்தேன். தோள்பட்டையில் தடியடி. போலீஸ் வீடு வீடாகத் தேடிய அந்த ஏழு நாளும் என்னை விடுதிக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்து, தன் சோற்றில் பாதியைக் கொண்டு வந்து கொடுத்தவன் இருசப்பன். அந்தப் போராட்டத்தின் பலன் எனக்குக் கிடைத்துவிட்டது. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற புதிய பட்டியலில் என் பெயருக்குச் சான்றிதழ் ஒரே மத்தியானத்தில் கைக்கு வந்தது. பயிர் வைக்கிற குடும்பமா, அப்படியானால் இது என்ன கதிர் சொல் என்று என்னை ஒருத்தரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் நுழைந்தோம். அரை மைல் போவதற்குள் அவன் நின்றுவிட்டான். எதிரே பாறைச் சரிவில் ஒரு கோங்கு. ஒரு இலைகூட இல்லை. பட்டுப்போன மரம் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் கிளை நுனியெல்லாம் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பூ.

"இது கோங்கு. அஞ்சு இதழு. காய்க்குள்ள பஞ்சு இருக்கும். எழுதிக்கோ."

அவன் எழுதவில்லை. கீழே விழுந்து கிடந்த ஒரு பூவை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என் வூட்டுக்குப் போற வழியிலயே நின்னுக்கினு இருக்குது. இவ்ளோ நாளா எனக்குத் தெரியலயேடா."

"அப்புறம் கொஞ்சலாம், எழுதுடா," என்று அதட்டினேன். இன்றைக்கு நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த இரண்டு நாளும் காடு எங்களுக்கு ஒன்றையும் ஒளிக்கவில்லை. சரிவு முழுக்கப் புரசு பூத்துச் செக்கச் செவேலென்று கிடந்தது. வெட்பாலை மொட்டு விட்டிருந்தது. ஓடைக் கரையில் காட்டுமல்லி வாசம் மூக்கைத் துளைத்தது. புல்லுக்குள் விஷ்ணுகிராந்தி, சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக, நீலமாக. அதை மிதித்துவிடக் கூடாதென்று இருசப்பன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தான். நான் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினான். நான் கேள்வி கேட்டேன், அவன் ஒப்பித்தான். தப்பாகச் சொன்னால் முதுகில் ஒன்று வைத்தேன். சிரித்தோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருபத்தாறு பூ அவனுக்கு அத்துப்படி. சின்னப் பையன்போல இன்னும் கேள், இன்னும் கேள் என்றான்.

பெரியம்மாள் அத்தை இலுப்பை மரத்தடியில் பூப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் பாடத்தைக் கேட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏன் தம்பி, எங்க புள்ளைக்கு எங்க காட்டுப் பூவ நீ கத்துக் குடுக்கிறியா? டேய் இருசா, இந்த இலுப்பப் பூவ வறுக்கறதுக்கு முன்னாடியே அள்ளி அள்ளித் தின்னுட்டு, வயித்த வலின்னு ராவெல்லாம் என் மடியில அழுதியே, ஞாபகம் இருக்குதா? உங்கம்மா அப்ப இருந்தா."

இருசப்பன் யோசித்தான். "இல்ல அத்த. ஒண்ணும் ஞாபகம் இல்ல."

"அதையெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா," என்று நான் குறுக்கே விழுந்தேன். "பூ பேரு மட்டும் சொல்லுங்க. நேரமாவுது."

நோட்டில் 'இலுப்பை, விதையில் எண்ணெய்' என்று எழுத வைத்தேன். வயிற்று வலியை எழுத வைக்கவில்லை.

திங்கட்கிழமை வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. அப்படி இருந்தால் அவரையாவது திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். இருசப்பனை உட்காரச் சொன்னார். நான் கதவோரம் நின்றேன். வாசலில் மற்றவர்களோடு அத்தை உட்கார்ந்திருந்தார்.

மேஜையில் ஐந்தாறு பூ இருந்தது. அவர் ஒவ்வொன்றாகத் தொட, இருசப்பன் கடகடவென்று சொன்னான். கோங்கு. புரசு. காட்டுமல்லி. எத்தனை இதழ், எந்த மாதம், காய் எப்படி இருக்கும், எல்லாம். என் மார்பு பூரித்துப் போனது. கடைசியாக அவர் காய்ந்த இலுப்பைப் பூ ஒரு கை எடுத்து வைத்தார்.

"இலுப்பை சார். பங்குனியில பூக்கும். விதையில எண்ணெ எடுப்பாங்க."

"வெரி குட். இவ்வளவும் உனக்கு யாருப்பா சொல்லிக் கொடுத்தாங்க?"

இருசப்பன் விடுதியில் வளர்ந்தவன். சொல்லிக் கொடுத்தவர் பெயரை மறைப்பது அவனுக்குத் தெரியாது. எழுந்து நின்றான். முகமெல்லாம் சந்தோஷமாகத் திரும்பி, கதவோரம் நின்ற என்னைக் கையால் காட்டினான்.

"என் ஃப்ரெண்டு இளவரசன் சார். கீழ ரிஷிவந்தியம் பக்கம். ரெண்டே நாளுல எல்லாத்தயும் சொல்லிக் குடுத்தாரு."

என்னை வாடா போடா என்றே பேசுகிறவன், அன்றைக்கு எனக்கு மரியாதை கொடுத்தான்.

அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார், மறுபடி திறந்தார். அவருக்கே சங்கடமாக இருந்தது என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் எழுதினார். 'மனுதாரரின் பதில்கள் பிறரால் பயிற்றுவிக்கப்பட்டவை. மலை வாழ்க்கையோடு இவருக்குத் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை.' வெளியே வந்து எழுத்தர் அதைப் படித்துக் காட்டினார். மேல்முறையீடு செய்யலாமாம், ஆறு மாதம் ஆகுமாம். எங்களுக்கு இருந்தது பதினோரு நாள்.

அத்தை எழுந்து வந்து எழுத்தரின் கையைப் பிடித்தார்.

"என் தம்பி புள்ளைங்க இது. நான் சொல்றேனே. இந்தக் கையால சோறு ஊட்டினவ சொல்றேனே."

"உங்ககிட்ட சான்றிதழ் இருக்குதாம்மா?"

அத்தையிடம் இல்லை. மலையில் யாரிடம் இருந்தது? பூ தெரியாவிட்டால் மலைக்காரன் இல்லை. தெரிந்தால் யாரோ சொல்லிக் கொடுத்தது. இதில் எந்தப் பக்கம் போனாலும் அவனுக்கு வழி இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே ஒரு வழி இருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்க முடியாத ஒரு வயிற்று வலி. அதை அவன் மனதில் நிற்க விடாமல் நேரமாகிறது என்று சொன்னவன் நான்.

நாலு மணி பஸ்ஸில் கீழே இறங்கினோம். ஜன்னலோரம் அவன், பக்கத்தில் நான். மன்னிச்சுக்கடா என்று இரண்டு தடவை சொன்னேன். "நீ இன்னாடா பண்ணுவ," என்றான். அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வாரம் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்கு ஆள் பிடிக்கிறார்கள், போகப் போகிறேன் என்றான். பி.காம். படித்தவன்.

முன் சீட்டில் ஒரு அம்மா, கீழ் நாட்டுக்காரர், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வளைவில் பஸ் மெதுவானபோது வெளியே பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, அது இன்னா மரம்? எலையே இல்லாம மஞ்சமஞ்சேல்னு பூத்துக்கினு நிக்குது?"

இருசப்பன் திரும்பிக் கோங்கைப் பார்த்தான். பஸ் அந்த வளைவைத் தாண்டும்வரை பார்த்தான்.

"தெரியலீங்கம்மா," என்றான். "நான் மலைக்காரன் இல்லீங்க."

அந்த அம்மா பதில் கேட்டு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.