மாலை போட்ட படம்

கொற்கையில், எங்கள் வீட்டிலேயே எடுத்த தொடர் ஓடிடியில் வந்துவிட்டது. அதைப் பார்ப்பதற்காக மகன் சுடலைராஜ் ஒரு மாத இலவசத்தில் சேர்ந்து, ஞாயிறு மதியம் டிவியில் போட்டான். ஓடிடி என்றால் என்னவென்று எனக்கு அன்றுதான் தெரியும். விளம்பரம் கிடையாதாம், வேண்டிய இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாமாம். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

படப்பிடிப்பு நடந்த நான்கு நாளும் நானும் என் மனைவி செல்லக்கிளியும் மச்சினன் வீட்டில் இருந்தோம். சுடலைராஜ்தான் இங்கே படம் எடுத்தவர்களுக்குக் கூடமாட நின்றான்.

முதல் காட்சியே எங்கள் முன்னறை. சுவரில் ஒரு படம். அதற்கு மாலை, நெற்றியில் சந்தனம், மேலே சிவப்பு பல்பு. படத்தில் இருந்தது நான்.

"ஏலே, உசிரோட இருக்க மனுசனுக்கு யாருலே மாலை போட்டா?" என்று செல்லக்கிளி அலறினாள்.

"செத்துப்போன அப்பா போட்டோ ஒண்ணு வேணும்னு கேட்டாவ, குடுத்தேன். நடிப்புதானம்மா, இதுக்குப் போயி கத்துத" என்றான்.

"அண்ணாச்சிக்கு மாலை எடுப்பாத்தான் இருக்கு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

யார் பெற்ற பிள்ளையோ, அந்த நடிகன் என் படத்துக்கு முன்னால் விழுந்து புரண்டு அழுதான். நான் பெற்ற பிள்ளை அந்த இடத்தில் நிறுத்தி, செல்போனில் போட்டோ எடுத்து, சிரித்துக்கொண்டே ஸ்டேட்டஸ் வைத்தான்.